பிடிப்பதெல்லாம் 'கேட்ச்' ஆகாது

புதுச்சேரி வீராம்பட்டினத்தில் மாலை வேளைகளில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 'கேட்ச்' என்றால் என்ன என்று கேட்டு முடிப்பதற்குள் "பிடி!" என்று பதில் வந்துவிடும். மீனையும் பந்தையும் பிடிக்கும்வரை அந்தப் பதிலில் குறையில்லை. அதைத் தாண்டியதும் தவறுகள் வரிசைகட்டி வருகின்றன.

தூறல் விழுந்த ஒரு நாள், மாணவி ஒருத்தி "கேட்ச் தி அம்ப்ரெல்லா, டீச்சர்" என்று குடையை நீட்டினாள். ஆங்கிலேயர் யாராவது கேட்டிருந்தால், குடையைத் தூக்கி எறியப்போகிறாள் என்றே நினைத்திருப்பார். ஓடுவதை, விழுவதை, தப்பப் பார்ப்பதைச் சட்டென்று கைப்பற்றும் அந்த நொடிதான் 'கேட்ச்'. கைக்கு வந்ததை விடாமல் வைத்திருப்பது 'ஹோல்ட்'. தமிழில் இரண்டுக்கும் 'பிடி' ஒன்றே போதும் என்பதால்தான் இந்தக் குழப்பம். குடை, ஏணி, தம்பியின் கை, பஸ்ஸில் நிற்கும்போது கம்பி, எல்லாமே 'ஹோல்ட்'. ஆனால் பஸ்ஸையே பிடிக்க ஓடினால் அது 'கேட்ச்'. துரத்துவதைக் குறிக்கும் 'சேஸ்' என்ற சொல்லும் 'கேட்ச்'சும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை. நம் ஊரில் பிரெஞ்சு படிப்பவர்களுக்குத் தெரிந்த, வேட்டையைக் குறிக்கும் 'ஷாஸ்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். அந்த ஓட்டத்தை நினைவில் வைத்தால் குடை விஷயத்தில் தவறு வராது.

'எனக்குச் சளி பிடித்தது' என்பதில் பிடிப்பது சளி, அகப்படுவது நான். ஆங்கிலத்தில் இது தலைகீழ். அங்கே மனிதர்தான் சளியைப் பிடிக்கிறார்: 'ஐ காட் எ கோல்ட்' ('காட்' என்பது 'கேட்ச்'சின் இறந்தகாலம்). 'கோல்ட் காட் மீ' என்று எழுதாதீர்கள். தொற்றும் நோய்களுக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும்; சர்க்கரை நோயை யாரும் 'கேட்ச்' செய்வதில்லை. தீ விஷயத்தில் மட்டும் இரு மொழிகளும் ஒரே பக்கம் நிற்கின்றன. வீடு தீப்பிடித்தது, 'தி ஹவுஸ் காட் ஃபயர்'. சளியில் ஏற்பட்ட பயத்தால் இதையும் திருப்பிப் போட வேண்டாம்.

இறந்தகாலம் 'கேட்ச்ட்' அல்ல, 'காட்'. கிரிக்கெட் வர்ணனையில் வரும் 'காட் அண்ட் போல்ட்' காதில் இருந்தால் போதும்.

என்னை மிகவும் வருத்திய தவறு வேறு. விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவன், வெளிநாட்டு விருந்தினர் தன் பெயர் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டதாக வாடிப்போய் வந்தான். அவர் சொன்னது 'ஐ டிட்ன்ட் கேட்ச் யுவர் நேம்'. பெயர் சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். விருப்பத்தைக் குறிக்கும் 'பிடி' தமிழ் வழக்கு. 'கேட்ச்'சுக்கு அந்தப் பொருள் கிடையாது. இதை வகுப்பிலேயே சொல்லித் தராதது என் பிழை. இப்போது முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

'கேட்ச்' பெயர்ச்சொல்லாகவும் வரும். 'குட் கேட்ச்' என்றால் நல்ல மீன்பாடு என்பது எங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு படகைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்ற கதையில் 'வாட் இஸ் தி கேட்ச்?' என்று ஒருவர் கேட்கும் இடத்தில், எல்லோரும் 'எவ்வளவு மீன்பாடு?' என்றே எழுதியிருந்தார்கள். இவ்வளவு மலிவாகத் தருகிறார்களே, இதில் மறைந்திருக்கும் சிக்கல் என்ன என்பதுதான் அவர் கேட்டது.