பாட்டிலுக்குள் வாழைக்குருத்து: மருந்து எந்தப் பக்கம் போகிறது?

குடியாத்தம் பக்கம் எங்கள் சின்ன திசு வளர்ப்பு லேபில், அதாவது பாட்டிலுக்குள் வாழைத் துண்டைக் கன்றாக வளர்க்கும் இடத்தில், புதிதாகச் சேரும் பெண்களிடம், கத்தியைத் தொடுவதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுவேன்: துண்டின் அடி எப்போதும் உங்களைப் பார்த்து இருக்கட்டும். இலைகளைக் கழித்துவிட்டால் வாழைக்குருத்தில் தலை எது, அடி எது என்று தெரியாது. செடிக்குத் தெரியும். தலைகீழாகக் குத்தினாலும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பழைய அடியை நோக்கித்தான் போகும். வேர் வந்தாலும் காற்றில் நிற்கிற அந்த முனையில்தான் வரும்.

ஆக்சின் குருத்தின் நுனியிலும் இளம் இலைகளிலும் உருவாகி, செல் விட்டு செல்லாகக் கீழே இறங்குகிறது. வேகம் மணிக்கு சுமார் 1 சென்டிமீட்டர். ஒவ்வொரு செல்லும் அதை அடிப்பக்கமாகவே வெளியே தள்ளுவதால்தான் இந்த ஒருவழிப் பாதை. இறங்கும் வழியில் பக்கமொட்டுகளையும் எழவிடாமல் அடக்கிவைக்கிறது. அதனால், பெருக்க வேண்டிய குருத்தை நுனி நடுவே நெடுக்காக இரண்டாகப் பிளந்து வையுங்கள். நுனியின் அதிகாரம் போனதும் பக்கமொட்டுகள் கிளம்பும்.

மொட்டுகளைக் கிளப்பும் சைட்டோகைனின் ஹார்மோன் வேறு மாதிரி. மீடியாவில், அதாவது பாட்டிலில் ஊற்றும் ஊட்டக் கலவையில், நாம் போடும் பிஏபி என்ற சைட்டோகைனின் மருந்து, வெட்டின அடி வழியாக நுழைந்து, தண்ணீரோடு மேலே ஏறுகிறது. ஆனால் மூடி இறுக்கிய பாட்டிலுக்குள் காற்று முழுக்க ஈரம். இலை நீரை விடுவதே குறைவு, ஏற்றமும் மந்தம். உயரமான குருத்தின் நுனிக்கு மருந்து போதாமல், அடி மட்டும் வீங்கும். ஆகவே பெருக்கத்துக்குக் குட்டையான துண்டுதான் நல்லது. அடி மீடியாவில் நன்றாகப் படியட்டும், நுனி மூழ்கக் கூடாது. ஜி9 ரக வாழைக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம் பிஏபி நாங்கள் வைக்கும் அளவு. குருத்துக் கொத்து குட்டையாக, நெருக்கமாக வந்தால், அளவை ஏற்றாமல் ஒரு சுற்றுக்கு மட்டும் குறைத்துப் பாருங்கள்.

அடுத்து வேர். "இன்னாக்கா, மருந்து கீழதானே கீது, வேர் ஏன் வரல?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் பழைய பிஏபிதான் காரணம். அதில் ஒரு பங்கு சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு அடியிலேயே தங்கி, வேரை மறிக்கும். எனவே கொத்தைப் பிரித்ததும் வீங்கிப் பழுத்த அடியை மெல்லிசாகச் சீவி எறியுங்கள். நுனியையும் இலைகளையும் இப்போது தொடாதீர்கள். அங்கிருந்து இறங்கும் ஆக்சின் வேருக்கு வேண்டும். வாழை சில சமயம் மருந்தே இல்லாத மீடியாவில் வேர் விடுவதும் இதனால்தான்.

வேர் மீடியாவுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஐபிஏ என்ற ஆக்சின் மருந்து போதும். 10 மில்லிகிராமைச் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து 100 மில்லியாக்கினால், லிட்டருக்கு அதில் 10 மில்லி. பிஎச் 5.8. இன்னொரு ஆக்சினான ஐஏஏ வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. மீடியாவைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் சூட்டிலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் அது சிதையும், ஐபிஏ அந்த அளவுக்குச் சிதையாது. கரியும் (ஆக்டிவேட்டட் சார்கோல்) சேர்க்கலாமா? சேர்க்கலாம், தங்கிய பிஏபியைப் பிடித்துவைக்கும். ஆனால் அதே கரி ஐபிஏவையும் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே பாட்டிலில் கொட்டிவிட்டு வேர் வரவில்லை என்றால் கரியைக் குறைத்துப் பாருங்கள், மருந்துக் கம்பெனியைத் திட்டாமல்.

மூடியும் முக்கியம். காற்று கொஞ்சம் போய்வரும் மூடி போட்டால் இலை நீரை விடும், ஏற்றமும் நடக்கும். பிறகு நிழல்வலைக்குப் போகும்போது கன்று சீக்கிரம் வாடாது. வேலூர் சித்திரை வெயிலில் இது பெரிய விஷயம்.

பேரணாம்பட்டுப் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் மாவுக்கும் இப்படிச் செய்யலாமே என்பார்கள். மாவின் வெட்டுவாய் உடனே கறுத்து, கசிகிற சாறு துண்டையே கெடுக்கும். அவர்களுக்கு நான் சொல்வது, நல்ல தாய்மரமாகப் பார்த்து ஒட்டுக்கன்று வாங்குங்கள் என்பதுதான்.