மிச்சம் பிடிக்கப் போய் இழப்பவை: நெல்லைச் சீமையின் நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையோரத்தில் உள்ள லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான். நடை முடித்து வரும் ஓட்டுநர்கள் செலவுச் சீட்டை நீட்டும்போது, சீட்டில் எழுத முடியாத இழப்புகளையும் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. நெடுந்தூர ஓட்டுநர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை தொழில் தெரியாமல் நேர்பவை அல்ல. எதையோ மிச்சம் பிடிக்கப் போய் நேர்பவை. டீசலில் நான்கு லிட்டர், தூக்கத்தில் இரண்டு மணி நேரம், புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் ஆட்புளூ திரவத்தில் சில நூறு ரூபாய் என்று அந்த மிச்சம் சிறிதாகவே இருக்கும். அதற்கான நெருக்கடியும் பல நேரங்களில் உரிமையாளரிடமிருந்தோ சரக்குக்காரரிடமிருந்தோ வருவதுதான். ஆனால் விளைவை முதலில் சந்திப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரே என்பதால் இவற்றை ஓட்டுநர்களை நோக்கியே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் கொடியது, இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கம். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரையிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கொல்லத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் காய்கறி, எம்-சாண்ட், வைக்கோல் என்று இரவும் பகலும் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமாகும் என்ற எண்ணம் பழைய வண்டிக் காலத்திலிருந்து வழிவழியாக வருவது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய இன்ஜின்களில் நிலைமை நேர்மாறானது: கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசல் செல்வது நின்றுவிடும், நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்காக டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். மிச்சமே இல்லாத ஒன்றுக்காக இன்ஜினின் பிடிமானத்தை ஓட்டுநர் கைவிடுகிறார். அதன்பின் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி லைனிங்கின் பிடி குறையும்; அடுத்தடுத்து மிதிக்க மிதிக்க, பிரேக்கை இயக்குவதற்காகத் தொட்டியில் அடைத்திருக்கும் காற்றும் இறங்கும். ஒருபடி மேலே போய் இன்ஜினையே அணைத்து இறக்குபவருக்குக் காற்று மீண்டும் நிரம்பாது, பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். எந்தக் கியரில் அந்த மலையை ஏற முடியுமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இறக்கம் தொடங்கும் முன்பே அதைப் போட வேண்டும். வளைவுக்கு முன்பு வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டுப் பிரேக்கை விட வேண்டுமே தவிர, வளைவு முழுவதும் காலை வைத்தபடியே வரக்கூடாது.

அந்தப் பாதையில் புளியரைக்கு அருகேயுள்ள எஸ் வளைவைப் பற்றி இப்பகுதியினருக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில், கேரளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பிளைவுட் ஏற்றி வந்த லாரி அங்கே சாலையை விட்டுச் சரிந்து கீழேயுள்ள ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அருகே குடியிருந்த முதிய தம்பதியர் டார்ச் விளக்குடன் தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது என் நோக்கமன்று. அந்த இடம் எவ்வளவு குறைந்த பிழையைப் பொறுக்கும் என்பதற்காகவே நினைவுபடுத்துகிறேன்.

மலை இல்லாத இடத்தில் காற்று இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பகுதிகளில் வெறும் பழமொழி அன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தானே அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்கின்றன? பாரத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது வேகமாகப் போகலாம் என்று நினைப்பதுதான் இங்கே நேரும் தவறு. காலிக் கண்டெய்னருக்குக் கனம் குறைவு, பக்கவாட்டுப் பரப்போ அதேதான். எதிர்க்காற்றைவிடப் பக்கக்காற்றுக்கே அஞ்ச வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை அந்தப் பகுதியில் வேகத்தைக் குறைப்பதும், படுதாவின் கயிறுகளை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இழுத்துப் பார்ப்பதும் அவசியம்.

அளவுக்கு மீறிய பாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2018-இல் உயர்த்தப்பட்ட அளவின்படி, இரண்டு அச்சுள்ள லாரியின் மொத்த எடை 18.5 டன், மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 28.5 டன் வரை இருக்கலாம். மீறினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கூடுதல் பாரத்தை இறக்கவும் வேண்டும். ஏற்றுமிடத்தில் தரும் எடைச்சீட்டை அப்படியே நம்பாமல், வழியில் உள்ள முதல் எடைமேடையில் நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

அண்மைக் காலத்தில் எங்கள் பக்கம் மிகுதியாகக் கேள்விப்படும் தவறு ஆட்புளூவில் நடப்பது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான லாரிகளில் புகையின் நச்சைக் குறைப்பதற்காக இது ஊற்றப்படுகிறது. 32.5 விழுக்காடு தூய யூரியாவும் மீதி தாது நீக்கிய நீரும் சேர்ந்த திரவம் அது. யூரியாதானே, உரக்கடையில் வாங்கித் தண்ணீரில் கரைத்தால் போதாதா என்று கேட்பவர்களும், இருப்பதில் குழாய்த் தண்ணீரைக் கலந்து பெருக்குபவர்களும் இருக்கிறார்கள். வயலுக்குப் போடும் யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. நம் நிலத்தடி நீரின் உப்பைப் பற்றியோ, கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இவை ஆட்புளூவைப் பீய்ச்சும் நாசிலில் கட்டியாகப் படிந்து அடைக்கும், சைலன்சருக்குள் இருக்கும் வினையூக்கியையும் கெடுக்கும். வண்டி முதலில் எச்சரிக்கை விளக்கைக் காட்டும், பின்னர் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். பாரத்தோடு நடுவழியில் நிற்கும் அந்த வண்டிக்குப் பட்டறையில் ஆகும் செலவு, ஓராண்டு ஆட்புளூவில் பிடித்த மிச்சத்தையும் விழுங்கிவிடும். மூடியிட்ட கேனில், தேதி பார்த்து வாங்குங்கள். நீல மூடியுள்ள ஆட்புளூ தொட்டியில் தவறி டீசலை ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் பட்டறையை அழையுங்கள்.

டயரிலும் இதுபோன்ற ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கத்திரி வெயிலில் கயத்தாற்றைத் தாண்டும்போது டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறியிருப்பதைக் கண்டு, வெடித்துவிடுமோ என்று காற்றைத் திறந்துவிடுகிறார்கள். சூட்டில் அழுத்தம் ஏறுவது இயல்பு. திறந்துவிட்டால் டயர் குறைந்த காற்றோடு நசுங்கி நசுங்கிச் சுழன்று இன்னும் சூடாகும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நேரும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது மட்டுமே அளந்து சரிசெய்ய வேண்டும். இரட்டைச் சக்கரங்களில் ஒன்றில் காற்று குறைந்தால் மற்றது இருமடங்கு சுமக்கிறது என்பதால், தட்டிப் பார்ப்பதோடு நில்லாமல் மானியை வைத்துப் பார்ப்பதே நல்லது.

காகிதத்தில் வரும் இழப்பும் குறைந்ததன்று. சரக்கோடு எடுத்துச் செல்ல வேண்டிய ஜிஎஸ்டி மின்வழிச்சீட்டு, அதாவது இ-வே பில், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். வண்டி பழுதானாலும் மழையில் நின்றாலும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. காலம் முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம் என்பதால், தாமதம் என்று தெரிந்த உடனே அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். பாரத்தை வேறு வண்டிக்கு மாற்றினால் புதிய வண்டியின் எண்ணைச் சீட்டில் பதியாமல் நகரக்கூடாது. ஓட்டுநர் ஒருவர் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, சொல்லத் தயங்கி ஒன்றரை நாள் பேசாமல் இருந்ததால், சோதனையில் மாட்டிச் சரக்கோடு நான்கு நாள் சாலையோரம் கிடந்த கணக்கை நானே எழுதியிருக்கிறேன். திட்டுவார்கள் என்று அஞ்சி மறைத்தார், பாவம். அவருக்கு அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எங்கள் அலுவலகத்துக்கும் பங்கு உண்டு.

இனி தூக்கம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடராமல் குறைந்தது அரை மணி ஓய்வு என்றும் வரையறுத்திருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. நடைமுறையில் அந்த வரையறை எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். விடியப்போகிறது, ஊர் வந்துவிடும் என்று பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் இழுத்துப் பிடித்து ஓட்டுவதே இதில் பெரிய தவறு, ஏனெனில் உடல் மிகவும் தளர்ந்திருக்கும் நேரம் அதுதான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் சொக்கினால் வண்டி ஐம்பது மீட்டர் தானாகப் போயிருக்கும். புகையிலையும் முகத்தில் அடிக்கும் தண்ணீரும் சில நிமிடங்களே தாங்கும். டீ வேலை செய்யச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்து எழுவது பலன் தரும். முழுத் தூக்கத்துக்கு அதுவும் ஈடாகாது. அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும் என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கல்லோடு வந்த ஓட்டுநர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

படுப்பதற்காக நான்குவழிச் சாலையின் ஓரத்திலேயே, பின்விளக்கும் இல்லாமல் வண்டியை நிறுத்துவது கூடவே கூடாது. பெட்ரோல் பங்க்கோ, சுங்கச்சாவடியை ஒட்டிய இடமோ பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் அங்கே போய் நிறுத்துங்கள். பழுதாகி நகர முடியாமல் நின்றால், இரு பக்க இண்டிகேட்டரையும் எரியவிட்டு, ஒளி திருப்பும் முக்கோணப் பலகையைப் பின்னால் தொலைவில் வையுங்கள். அது கையில் இல்லாமல் கல்லையும் மரக்கிளையையும் வைக்க நேர்ந்தால், பழுது நீங்கிக் கிளம்பும் அவசரத்தில் அவற்றை அப்படியே விட்டுப் போகாதீர்கள். பின்னால் இருட்டில் பைக்கில் வரும் ஒருவர் அந்தக் கல்லில் மோதி விழுவார். சக்கரத்துக்குக் கொடுத்த அண்டைக் கல் உட்பட எல்லாவற்றையும் சாலையை விட்டு அகற்றிய பின்பே வண்டியை எடுங்கள்.