வற்றலைக் காப்பாற்ற வானிலை அறிக்கை: மதுரைக் கோடை இடிமழையைக் கணிக்கப் பழகுவோம்

போன சித்திரையில் அம்மா மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து கூழ்வற்றல் பிழிந்திருந்தார். மதுரைக்கு இடிமழை என்று அறிக்கை வந்திருப்பதைச் சொன்னேன். "நேத்தும் இதத்தான்டா சொன்னாங்க, ஒரு பொட்டு விழுகல" என்றார். சாயங்காலம் நாலரை மணிக்கு வற்றல் மறுபடியும் கூழாகிவிட்டது. அறிக்கை ரெண்டு நாளும் சரிதான். நாங்கள் படித்த விதம்தான் தப்பு.

படி 1: காரண வரி

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை தமிழிலேயே வருகிறது. மாவட்டப் பெயரைத் தேடுவதற்கு முன் காரணத்தைப் படியுங்கள். மார்ச் முதல் மே வரை 'கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி' என்று இருந்தால் உஷார். அப்படிச் சந்திக்கும் இடத்தில் காற்று மேலே ஏறியாக வேண்டும். தரையோ 39, 40 டிகிரியில் காய்ந்து கிடக்கும். கடலிலிருந்து வந்த ஈரம் அந்தச் சூட்டோடு ஏறி, பத்து கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த இடிமேகமாகிறது.

படி 2: சொற்களின் அளவு

அம்மாவும் நானும் கோட்டை விட்டது இங்கேதான். 'ஓரிரு இடங்களில்' என்றால், மழைமானி வைத்த இடங்களில் அதிகபட்சம் கால்வாசியில்தான் மழை பதிவாகும் என்று பொருள். பேரையூரில் கொட்டித் தீர்க்கும், மேலூரில் புழுதி பறக்கும். 'கனமழை' என்பது 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. எச்சரிக்கையின் நிறம் மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை.

என்னைக் கேட்டால், கோடையில் மழை அளவைவிட 'மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் பலத்த காற்று' என்ற வரிக்குத்தான் பயப்பட வேண்டும். குலை தள்ளிய வாழைக்கு அது போதும், சாய்த்துவிடும். முட்டுக் கொடுப்பதெல்லாம் அன்று காலையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

படி 3: மதியத்துக்கு மேல் மாடி ஏறுங்கள்

ரெண்டு மணிக்கு மேல் நாகமலை, கொடைக்கானல் மலை இருக்கும் திசையைப் பாருங்கள். மேகம் காலிஃப்ளவர் மாதிரி, ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருந்தால் இன்னும் வளர்கிறது. உச்சி தட்டையாகிப் பக்கவாட்டில் விரிந்தால் முற்றிவிட்டது. அது நம் பக்கம் வருமா என்பது மேல்காற்றின் கையில். ரேடார் படத்திலும் பார்க்கலாம். ஆனால் ரேடார் இருக்கும் காரைக்கால், திருவனந்தபுரம் ரெண்டுமே மதுரையிலிருந்து சுமார் 200 கி.மீ. பூமி வளைந்திருப்பதால் அந்த ரேடார் அலை நம் தலைக்கு மேல் நாலு கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். உயர்ந்த இடிமேகம் அதில் சிக்கும், தாழ்ந்த மேகம் சிக்காது.

படி 4: மூன்று மணி நேர எச்சரிக்கை

'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று மாவட்டப் பட்டியல் வந்தால் வற்றலை அள்ள வேண்டியதுதான். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியையும் போனில் ஏற்றி வையுங்கள். பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும்.

படி 5: ஜில் காற்றும் எண்ணிக்கையும்

புழுக்கம் சட்டென்று அடங்கும். வேப்பிலை எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பும். மண் வாசனையோடு ஒரு குளிர்காற்று முகத்தில் அடிக்கும். மேகத்திலிருந்து விழும் மழைத்துளி ஆவியாகிக் குளிர்ந்த காற்று கீழே இறங்கி, மழைக்கு முன்னால் ஓடி வருகிறது. இனி செயலியைப் பார்க்க நேரமில்லை.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போய்விடுங்கள். புளியமரத்தடி வேண்டாம், வயல் மோட்டார் கொட்டகையும் வேண்டாம். கான்கிரீட் வீடு, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே மாடிக்குப் போகலாம்.

மழைமானியை மறுநாள் காலை 8.30 மணிக்கு அளப்பார்கள். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் என்று வரும் அந்த மழை அளவுப் பட்டியலோடு, முந்தின நாள் மாடியிலிருந்து பார்த்த மேகத்தைப் பொருத்திப் பாருங்கள். நான் அதை ஒரு பழைய டைரியில் எழுதி வருகிறேன். முதல் மாதம் என் கணிப்பில் பாதிக்கு மேல் தப்பு.