உப்பா, கற்பூரமா, குத்துவிளக்கா: எந்தப் பிணைப்பு என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பத்தாம் வகுப்பில் வேதிப்பிணைப்பு படிக்கிற பிள்ளைகளில் நிறைய பேர் "உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு" என்ற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிறார்கள். அதை முழுசாக நம்பாதீர்கள். நவச்சாரத்தில் (அம்மோனியம் குளோரைடு) உலோகமே இல்லை, ஆனாலும் அது அயனிச் சேர்மம், அதாவது மின்சுமை கொண்ட துகள்களான அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து உருவானது. நீரற்ற அலுமினியம் குளோரைடில் உலோகம் இருக்கிறது, ஆனால் உப்புபோலச் சூட்டைத் தாங்காமல் 180 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே ஆவியாகிவிடும். பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் பிணைப்பைச் சொல்லவேண்டும், அதற்குச் சமையலறையும் சாமி அறையும் போதும்.

மின்சாரம் கடத்துகிறதா என்று பார்க்கத் தேவை: 9 வோல்ட் பேட்டரி, சின்ன எல்.இ.டி, 470 ஓம் மின்தடை, கொஞ்சம் வயர். எல்லாவற்றையும் வரிசையாக இணைத்து இரண்டு முனைகளை மட்டும் திறந்து விடுங்கள். முனைகளை ஒன்றோடொன்று தொட்டும் எரியவில்லை என்றால் எல்.இ.டியைத் திருப்பிப் போடுங்கள். சுவர் பிளக் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

முதலில் இரண்டு முனைகளையும் காய்ந்த கல் உப்பில் வையுங்கள், எரியாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் அதைக் கரைத்து வையுங்கள், எரியும் (குழாய்த் தண்ணீர் தானாகவே கொஞ்சம் மின்சாரம் கடத்தும், குழப்பிவிடும்). திடப்பொருளில் இடத்தைவிட்டு நகரமுடியாத அயனிகள் தண்ணீரில் கழன்று ஓடுவதுதான் காரணம். குமிழியோடு சிறிது குளோரின் வரும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துச் சில நொடிகளில் முடித்துவிடுங்கள். அப்புறம் நம் நேட்டால் கரும்புச் சர்க்கரை: நன்றாகக் கரையும், ஆனாலும் விளக்கு எரியாது, ஏனென்றால் அது முழு முழு மூலக்கூறாகத்தான் பிரிகிறது.

குத்துவிளக்கில் வைத்தால் உடனே எரியும், எலக்ட்ரான்கள் உலோகம் முழுக்கச் சுற்றுகின்றன, இதுதான் உலோகப் பிணைப்பு. வார்னிஷ் பூச்சு இருந்தால் அடிப்பக்கத்தில் வெறும் பித்தளை தெரியும் இடமாகப் பாருங்கள். விளக்கைச் சுத்தியலால் அடித்தால் அம்மா விடமாட்டார், அதனால் செம்புக் கம்பியை அடியுங்கள், தட்டையாகும். கல் உப்பைத் துணியில் சுற்றி அடித்தால் நொறுங்கும். அடுக்கு ஒன்று நகர்ந்ததும் ஒரே மின்சுமை உள்ள அயனிகள் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கற்பூரத்தில்தான். ஒரு துண்டைத் தட்டில் திறந்து வையுங்கள், கொளுத்த வேண்டாம், நாள் போகப் போகத் தானாகவே சிறுக்கும். உடனே "சகப்பிணைப்பு (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு) பலவீனமானது" என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு! மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு ஒன்றுகூட அறுபடவில்லை, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள லேசான ஈர்ப்புதான் விட்டுப்போகிறது. உப்பில் அப்படி வசதியாக விட்டுப்போக எதுவும் இல்லை, அயனிகளின் ஈர்ப்பையே வெல்லவேண்டும், அதனால்தான் அது உருக 801 டிகிரி தேவை. சரி, சகப்பிணைப்பே பொருள் முழுக்கப் பின்னிக்கிடந்தால்? கிம்பர்லி வைரம் அதுதான். ஒவ்வொரு கார்பனும் நான்கு பக்கமும் கட்டுண்டிருக்கிறது, அதனால் அவ்வளவு கடினம், மின்சாரமும் கடத்தாது.

அதே கார்பன்தான் பென்சில் கிராஃபைட்டிலும், ஆனால் மூன்று பிணைப்புதான், மிஞ்சிய எலக்ட்ரான் அடுக்கு நெடுக ஓடும். பென்சிலின் இரு முனையையும் சீவி வயரை வைத்துப் பாருங்கள், எரியும். 6பி எடுங்கள், எச்பியில் களிமண் அதிகம், மங்கலாகலாம்.