லிஃப்ட் செய்த ராங்லருக்கு முன் ஆக்சில் மாற்றுகிறீர்களா? ஷாஃப்டைக் கடைசியில் வாங்குங்கள்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கள் கேரேஜுக்கு லிஃப்ட் வேலைக்கு வரும் வண்டிகளில் அதிகம் ஜீப் ராங்லரின் ஜேகே மாடல்தான். மூன்று, நாலு இஞ்ச் தூக்கி 37 இஞ்ச் டயர் போட்டதும் எல்லோருக்கும் முன் ஆக்சில் ஆசை வந்துவிடும். நியாயம்தான். ரூபிகான் என்ற உயர் ரகம் அல்லாத ஜேகேக்களில் பெரும்பாலும் முன்னால் இருப்பது டானா 30 என்ற ஆக்சில். அதன் கிரவுன் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) 7.2 இஞ்ச்தான். மணலுக்கு மட்டும் போகிறவருக்கு நல்ல டானா 44 ஹவுசிங் போதும் என்பேன். 9.75 இஞ்ச் கிரவுன் உள்ள டானா 60, பெரிய டயரோடு ஹத்தா பக்கம் கல்லில் ஏறுகிறவர்களுக்கு.

பழைய ஆக்சில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதற்கு முன் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் சின்னப் பல்சக்கரம்) எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஜேகேயின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) முன் ஷாஃப்டை, அதாவது முன் ஆக்சிலைச் சுழற்றும் தண்டை, இடது பக்கம் விடுகிறது. ஜிஎம் லாரியின் டானா 60-ல் பினியன் வலது பக்கம், ஆகவே வேண்டாம். 1978, 79 ஃபோர்டில் வந்தது இடது பக்கம், அதோடு ஹை பினியன். ஷாஃப்ட் ஆக்சிலின் நடுக்கோட்டுக்கு மேலே சேர்வதால் சரிவு குறையும். பின்னால் கிரவுன், பினியன் பற்களின் விகிதம் 5.13 ரேஷியோ என்றால் முன்னாலும் 5.13தான் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் 4 வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகி உடையும்.

கழற்றும் வேலை தெரிந்ததுதான். ஸ்டாண்டைச் சேஸியில் கொடுங்கள், காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஏபிஎஸ் ஒயரை முதலில் விடுவியுங்கள். புது ஆக்சிலை ஏற்றும்போது, அதைச் சேஸியோடு பிணைக்கும் ஆர்ம்களின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் இறுதி டார்க், கீழ் ஆர்முக்கு 125 அடி-பவுண்ட். தொங்கும்போதே முடுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இனிதான் தலைவலி. கேஸ்டரை (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) கூட்ட ஆக்சிலைத் திருப்பினால் பினியன் மூக்கு கீழே போகும், ஷாஃப்டின் கோணம் மோசமாகும். பினியனைத் தூக்கினால் கேஸ்டர் குறைந்து 120 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் அலையும். இரண்டில் ஒன்று என்றால் நான் கேஸ்டர் பக்கம், 4 டிகிரிக்குக் கீழே விடமாட்டேன். லிஃப்டுக்கென்றே செய்யும் சில ஹவுசிங்குகளில் பினியனை மேலே தூக்கி, நக்கிள் (சக்கரம் திரும்பும் முனை) பக்கத்தைத் தனியாகத் திருப்பி வெல்டு செய்திருப்பார்கள். காசு கூடினாலும் அதைத்தான் சொல்வேன். ஜேகேயில் முன் ஆக்சிலைத் துண்டிக்கும் வசதி இல்லை. 2 வீலில் ஓடினாலும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். கோணம் தப்பினால் ஹைவேயில் உடனே நடுக்கம் தெரியும்.

சமதரையில் நிற்கும்போது ஷாஃப்டைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். லிவாவில் மணல் மேட்டு உச்சியைத் தாண்டும்போது முன் சக்கரம் இரண்டும் தொங்குமே, இடிப்பது அப்போதுதான். அதனால் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மட்டும் மாட்டி, ஜாக்கியால் ஆக்சிலை முழுதாக இறக்குங்கள். பழைய ஷாஃப்டையே மாட்டிக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கே உரசுகிறது? ஜேகேயில் சந்தேகப்பட வேண்டியவை டிரான்ஸ்மிஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரும், 2012 மாடல் முதல் வந்த 3.6 எஞ்சினின் எக்ஸாஸ்ட் குறுக்குக் குழாயும். சந்தேகமான இடத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டிச் சுற்றிப் பார்த்தால் தடம் சொல்லிவிடும். அரை இஞ்ச் இடைவெளியாவது வேண்டும், எஞ்சின் மவுண்டில் ஆடும் அல்லவா?

அப்புறம் ஒரு பக்கம் தூக்கி, மறு பக்கம் இறக்கிப் பாருங்கள். கடைசியாக பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) வரை இரண்டையும் ஏற்றுங்கள். முழுதாக ஏறினபோது ஸ்லிப் ஜாயிண்ட் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பகுதி) இன்னும் ஒரு இஞ்ச் உள்ளே போக இடம் இருக்க வேண்டும். முழுதாக இறங்கினபோது அதன் ஸ்ப்லைன் பற்கள் கழன்று வரக்கூடாது. இந்த அளவுகள் கையில் வந்த பிறகுதான் புது ஷாஃப்டுக்கு ஆர்டர். ஆக்சிலோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கி வருகிறவர்களின் ஷாஃப்ட் நீளம் பொருந்தாமல் எங்கள் ஷெல்ஃபில் கிடக்கிறது.

கம்பெனி ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ரப்பர் பூட் போட்ட ஜாயிண்ட். லிஃப்ட் ஏறினால் அந்த பூட் மடிந்து கிழியும், கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். கிராஸ் மெம்பரில் கிரீஸ் கோடு கண்டால் அர்த்தம் அதுதான். மாற்றாக 1310 சைஸ் ஜாயிண்ட் உள்ள டபுள் கார்டன் ஷாஃப்ட் போடுவோம். இரட்டை ஜாயிண்ட் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம், பினியன் முனையில் ஒற்றை கிராஸ் (யு-ஜாயிண்ட்). அந்த ஒற்றை கிராஸ் கிட்டத்தட்ட நேராக நிற்க, பினியன் ஷாஃப்டை நோக்க வேண்டும். அப்படியும் எக்ஸாஸ்ட் இடித்தால் அதற்கென்று ஸ்பேசர் கிடைக்கிறது. தொங்கல் அதிகம் என்றால் லிமிட் ஸ்ட்ராப் கட்டுங்கள். கிராஸ் மெம்பரை மட்டும் கிரைண்டரால் தின்னவிடாதீர்கள்.

புது கிரவுன் பினியன் என்றால் முதலில் இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். 800 கிலோமீட்டரில் கியர் ஆயிலை மாற்றுங்கள். அன்றைக்கே ஆர்ம், டிராக் பார் போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒருமுறை டார்க் ரென்ச் வையுங்கள். மணல் ஓட்டம் முடிந்து வந்ததும் டபுள் கார்டனின் நடுப் பந்துக்கும் கிரீஸ் அடியுங்கள். ஊசி முனை கன் இல்லாமல் அந்த நிப்பிள் எட்டாது, அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.