மொட்டை மாடியில் சூரிய மின்சாரம்: அமைக்கும் முன்னும் பின்னும்

உலகின் மின்தேவை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதில், வெப்ப நாடுகளின் வீடுகளில் பெருகிவரும் ஏசிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தேவையில் ஒரு பகுதியையேனும் நம் மொட்டை மாடியிலேயே ஈடுசெய்ய முடியும். தமிழ்நாட்டில் சொந்த வீடு உள்ளவர் அதை எவ்வாறு செய்வது என்று பார்ப்போம்.

சூரிய பேனல் வாங்குவதற்கு முன் மின் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும். 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறியை மாற்றி, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் மோட்டார் கொண்ட) விசிறியை மாட்டுவதே எல்லாவற்றிலும் மலிவான மின்னுற்பத்தி என்பது என் உறுதியான கருத்து. அதன் பிறகு, ஓராண்டுக் கட்டண விவரங்களைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது இரு மாதங்களில் சுமார் 240 யூனிட் தரும்; அதற்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும்.

அந்த இடத்தில் நிழல் விழக்கூடாது. பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மேல் விழும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைத்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் நீளும். அப்போதும் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை வெயில் படும் இடமே தகுந்தது. பேனல்களைத் தெற்கு நோக்கி, 10 முதல் 13 பாகை சாய்வில், அடியில் காற்று புகும்படி உயர்த்தி அமைக்க வேண்டும். சூடேறினால் உற்பத்தி குறையும். எர்த்திங், இடிதாங்கி ஆகியவற்றில் சிக்கனம் கூடாது.

2024இல் தொடங்கிய, மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. திட்டத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவுபெற்ற நிறுவனத்திடம், இந்தியாவில் தயாரான செல்கள் கொண்ட பேனல்களையே வாங்க வேண்டும்.

மின்தடையின்போது, கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, பேனலின் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்ப மாற்றித் தரும், பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இதை முன்பே அறிந்திருங்கள்.

நாம் மின்வாரியத்துக்குத் தரும் மின்சாரத்தை, வாங்கும் மின்சாரத்திலிருந்து கழித்துக் கணக்கிட உதவும் நெட் மீட்டர் இருந்தாலும், மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரி ஆகியவற்றை நண்பகலுக்கு மாற்றுங்கள். கட்டணத்தில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் சூரியன் மறைந்தபின் அனல்மின் நிலையங்கள் சுமக்கும் பாரம் அந்த அளவுக்குக் குறைகிறது. பேனல் சூடேறுவதற்கு முன், விடியற்காலையில் தூசியைக் கழுவி, வெயில் நாட்களின் உற்பத்தியைக் குறித்து வாருங்கள். காரணமின்றி அது இறங்கினால் நிறுவியவரை அழைக்க வேண்டும்.