முதல் டெஸ்ட் முடிந்ததுமே தீர்ப்பு எழுதாதீர்கள்: சுற்றுப்பயணச் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூனில் இங்கிலாந்தின் ஹெடிங்லியில் கிரிக்கெட் தொடரின் முதல் டெஸ்ட் முடிந்த இரவு, எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் தன் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தியா ஐந்து சதங்கள் அடித்தும் 5 விக்கெட்டில் தோற்றிருந்தது. அவருடைய முதல் வரி: "தொடர் இங்கேயே முடிந்துவிட்டது." எனக்குச் சிரிப்பு வந்தது. ஏறக்குறைய அதே வரியை எழுதி அச்சேற்றி, அவமானப்பட்டவன் நான்.

வீரர் பெயரைத் தவறாக எழுதுவது, ஸ்கோரை மாற்றிப் போடுவது போன்ற பிழைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சுவரை போய்விடும் தவறுகள் வேறு.

ஒரே இன்னிங்ஸை வைத்துத் தொடருக்கே தீர்ப்பு எழுதுவது

2020 டிசம்பர் 19, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பகலிரவு டெஸ்டின் மூன்றாம் நாள். இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 36 ரன்னில் முடிந்தது. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஹேசில்வுட் 5 ஓவர் வீசி, 8 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். ஷமியின் கையில் பந்து பட்டு அவர் வெளியேற, இன்னிங்ஸ் அதோடு நின்றது. கோலி குழந்தைப் பிறப்புக்காக ஊர் திரும்பப்போகிறார் என்பது முன்பே தெரிந்த செய்தி. ஞாயிறு இதழில் அரைப் பக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்கி, நான்கு டெஸ்டையும் இந்தியா தோற்கும் என்று எழுதினேன். 'தோற்கலாம்' என்றுகூட இல்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்வதைப்போல 'தோற்கும்' என்றே எழுதினேன்.

அன்று என் முன்னால் இருந்த ஸ்கோர் அட்டையில் கண்ணில் படாமல் போனது எது தெரியுமா? முதல் இன்னிங்ஸ். இந்தியா 244, ஆஸ்திரேலியா 191. அந்த ஆட்டத்தில் 53 ரன் முன்னிலை பெற்றிருந்த அணி இந்தியா! ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 200க்குள் மடக்கிய பந்துவீச்சைப் பற்றி என் அரைப் பக்கத்தில் ஒரு வாக்கியம்கூட இல்லை. 36 என்ற எண் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

பிறகு அந்த விக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். மற்ற நாட்களில் மட்டையைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போய், பந்துவீச்சாளரைத் தலையில் கைவைக்கச் செய்யும் பந்துகள், அன்று ஒன்று விடாமல் விளிம்பில் உரசின. ஆஸ்திரேலியக் கீப்பர் டிம் பெயின் மட்டும் ஐந்து கேட்ச். அருமையான பந்துவீச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு ஒன்றரை மணி நேரம் தொடர் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் என்று நினைத்துக்கொண்டது என் மடமை.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். மெல்போர்னில் ரஹானே 112, எட்டு விக்கெட் வெற்றி. சிட்னியில் தொடைத் தசை கிழிந்த விஹாரி 161 பந்துகளைச் சந்தித்து 23 ரன்னோடு நிற்க, மறுமுனையில் அஸ்வின் 128 பந்துகள் தாங்க, ஆட்டம் டிரா. பிரிஸ்பேனில், வாஷிங்டன் சுந்தரும், வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போன நடராஜனும் டெஸ்டில் அறிமுகமாகி முதல் இன்னிங்ஸிலேயே ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். கடைசி நாள் இலக்கு 328. பந்த் ஆட்டமிழக்காமல் 89. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானம் அது. தொடர் 2-1.

அன்று மாலை ஒரு வாசகர் என் அரைப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கீழே ஒரே வரி: "நான்கையும் தோற்றாயிற்றா சார்?" தொடரைப் பற்றிய நிறைவுக் கட்டுரை என்னிடமிருந்து இளையவர் ஒருவருக்குப் போனது. அதில் நியாயம் இருந்தது. எரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை, எல்லாம் என்மேல்தான்.

வெற்றியிலும் இதே தவறு நடக்கும். 2021 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் 113 ரன் வித்தியாசத்தில் வென்ற இந்தியா, அந்தத் தொடரை 1-2 என இழந்தது. 2024 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 295 ரன் வித்தியாசத்தில் வெற்றி, முடிவில் 1-3. பெர்த்துக்கு மறுநாள் வெளிவந்த கட்டுரைகளை யாராவது சேர்த்து வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், துணைக்கு ஆள் வேண்டும்.

அந்தத் தம்பியிடம் முதல் வரியை நீக்கச் சொல்லிவிட்டு, வேறொன்றை எழுதச் சொன்னேன். ஹெடிங்லியில் இந்தியாவின் கடைசி ஏழு விக்கெட்டுகள் முதல் இன்னிங்ஸில் 41 ரன்னுக்குள் விழுந்தன; இரண்டாவதில் கடைசி ஆறு விக்கெட் 31 ரன்னுக்குள். தோல்விக்குக் காரணம் அங்கே இருந்தது, அது சரிசெய்யக்கூடிய கோளாறும்கூட. அடுத்த டெஸ்டில் எட்ஜ்பாஸ்டனில் 336 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. தொடர் 2-2 என முடிந்தது.

பச்சையைக் கண்டு மிரள்வது

ஆடுகளத்தில் புல் தெரிந்தால் போதும், "வேகப்பந்து வீச்சாளர்களின் சொர்க்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். 2002இல் இதே ஹெடிங்லியில் மேகமூட்டத்துக்குக் கீழே டாஸ் வென்ற கங்குலி பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்தார். அணியில் கும்ப்ளே, ஹர்பஜன் என இரண்டு சுழற்பந்து வீச்சாளர்கள். பைத்தியக்காரத்தனம் என்றே தோன்றியது. பங்காரும் திராவிடும் புதுப்பந்தை உடம்பில் வாங்கியும் விட்டும் பழசாக்கினார்கள். பங்கார் 68, திராவிட் 148, டெண்டுல்கர் 193, கங்குலி 128. இந்தியா 8 விக்கெட்டுக்கு 628 எடுத்து, இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. புல்லின் நிறத்தை மட்டும் எழுதாதீர்கள். முதல் இருபது ஓவரை யார் தாங்கப்போகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

'வெளிநாடு' என்று ஒரு நாடு இருப்பதாக நினைப்பது

"வெளிநாட்டில் இவருடைய சராசரி இவ்வளவு" என்ற வரி எனக்கு ஆகாது. இங்கிலாந்தில் டியூக்ஸ் என்ற வகைப் பந்து. தையல் மேடு நெடுநேரம் நிற்கும், மாலையிலும் ஸ்விங் ஆகும், அதாவது காற்றில் வளையும். ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா என்ற வகைப் பந்து, மேடு சீக்கிரமே படிந்துவிடும், அதன்பின் எகிறும் பந்தும் பொறுமையும்தான் விக்கெட் எடுக்கும். லார்ட்ஸ் மைதானத்துக்கு இரண்டரை மீட்டர் சரிவு உண்டு, நேராக வரும் பந்தையும் அது திருப்பும். இவை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறி எடுத்த சராசரியில் என்ன தெரியும்?

பயிற்சி ஆட்டத்தில் சதம்

நான்கு வரி போதும்.

"வரலாறு காணாத"

எந்த வரலாறு என்று அடுத்த வரியில் எழுத முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

கடிகாரத்தை மறப்பது

இங்கிலாந்து டெஸ்ட் நம் நேரப்படி மாலை மூன்றரைக்குத் தொடங்கும். பதினொரு மணிக்கு ஆட்டம் முடிந்த கையோடு எழுதிவிடலாம். மேற்கிந்தியத் தீவுகளில் அப்படி இல்லை. இரவு ஏழரை, எட்டு மணிவாக்கில் தொடங்குவதால் தேநீர் இடைவேளைக்கே நள்ளிரவு தாண்டிவிடும். அப்போது பக்கம் அச்சுக்குப் போயிருக்கும். ஒருமுறை "இந்தியா வலுவான நிலையில்" என்று தலைப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். காலையில் வாசலில் கிடந்த எங்கள் பேப்பரை எடுக்கும்போது வானொலி வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முதல் வரியிலேயே "உணவு இடைவேளை வரை" என்று போட்டுவிடுகிறேன்.